சோலையில் ஒரு பறவை, புல்வெளியில் ஒரு செடி

கேள்வி: நீலகிரி சோலைக்கிளியும் நீலக்குறிஞ்சியும் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளதாகப் படித்தேன். ஒரு பறவையையும் ஒரு செடியையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடியுமா?

பதில்: வகைப்பாட்டில் இவ்விரண்டும் விலங்குலகம், தாவர உலகம் என்று தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன. சோலைக்கிளி, பெயரில் கிளி இருந்தாலும், கிளியினத்தைச் சேர்ந்ததன்று. பாடும் பறவைகள் அடங்கிய குருவி வரிசையில் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. வெவ்வேறு பேரினங்களில் மாறி மாறி வைக்கப்பட்டிருந்த இதற்கு, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2017-இல்தான் 'சோலிகோலா' என்னும் தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. நம்முடைய 'சோலை' என்ற சொல் அந்த அறிவியல் பெயரில் நிலைபெற்றிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. குறிஞ்சியோ ஆடாதோடை, நிலவேம்பு, கனகாம்பரம் ஆகியவற்றுக்கு உறவான அகாந்தேசியே குடும்பத்துச் செடி.

பாதுகாப்பு நிலையை மதிப்பிடும்போது மட்டும் அளவுகோல் ஒன்றே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல், எண்ணிக்கையின் வீழ்ச்சியைப் பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றுள் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குக் கணக்கிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை ஈன்று மடிந்துவிடும் குறிஞ்சிக்கு மூன்று தலைமுறை என்பது ஏறத்தாழ 36 ஆண்டுகளாகும். அவ்வகையில் 2024-இல் அது 'அழிவாய்ப்பு இனம்' என்று குறிக்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, துண்டு துண்டான மலைச்சோலைகளில் மட்டும் வாழும் சோலைக்கிளி, அதற்கு ஒரு படி கூடுதலான ஆபத்தைக் குறிக்கும் 'அருகிய இனம்'.

ஒரு படி குறைவு என்பதால் குறிஞ்சி தப்பிவிட்டது என்று எண்ணலாகாது. பறவைக்கு வேண்டியது பள்ளங்களில் அடர்ந்த சோலை. செடிக்கு வேண்டியது அச்சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளி. தேயிலைத் தோட்டங்கள் இரண்டையும் குறைத்தன. புல்வெளியைத் தரிசு நிலமென்று கருதி நடப்பட்ட சீகை, தைல மரங்களோ குறிஞ்சியின் இடத்தையே விழுங்கின. மரம் நடுவது எங்கும் நன்மை என்ற நம்பிக்கையை இம்மலைகளில் நாம் கைவிட வேண்டும். 2018-இல் பரவலாகப் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அப்போது விதை முற்றுமுன் பூங்கொத்துகளைப் பறித்துவிட்டால், அந்தப் புதருக்கு இன்னொரு முறை பூக்க வாய்ப்பே கிடையாது.