எத்தனை விஜி செலுத்தினீர்கள்?

மரபணு சிகிச்சை ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: எலியின் கல்லீரலுக்கு ஏஏவி8 வெக்டர் (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) மூலம் ஒரு மரபணுவைக் கொண்டுபோகும் வேலையை முடித்திருக்கிறேன். ஒரே டோஸ், ஒரே எலி வகை, நான்கு வாரக் கண்காணிப்பு. 'மாலிக்யூலர் தெரபி'க்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார் கைடு. வேறு இதழ்கள் உண்டா? எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: இருக்கின்றன. துறையின் மூத்த இதழ் 'ஹ்யூமன் ஜீன் தெரபி', 1990இல் வந்தது. 'ஜீன் தெரபி' 1994இல், 'மாலிக்யூலர் தெரபி' 2000இல். கடைசியாகச் சொன்னது அமெரிக்க மரபணு மற்றும் செல் சிகிச்சைச் சங்கத்தின் இதழ். அதற்குத் தங்கை இதழ்கள் சில உண்டு. அவற்றில் 'மெத்தட்ஸ் அண்ட் க்ளினிக்கல் டெவலப்மென்ட்' என்பது வெக்டர் தயாரிப்பு, அளவிடும் முறை, நச்சுச் சோதனை போன்ற வேலைகளுக்குப் பொருத்தமான இடம். ஆனால் அது முழுத் திறந்த அணுக்க இதழ், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டுரை ஏற்கப்பட்டால் வெளியீட்டுக் கட்டணம் உண்டு. அனுப்பும் முன்பே அந்தத் தொகையைப் பார்த்துவிடுங்கள். ஏற்பு வந்த பிறகு பணத்துக்கு அலைவது பரிதாபம்.

தேர்வுக்கு எளிய வழி ஒன்று. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்து, எந்த இதழ் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். முதல் இரண்டு இடத்தில் வரும் இதழ்களின் வாசகர்கள்தான் உங்கள் வாசகர்கள். பிறகு அந்த இதழின் ஓராண்டுப் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். உங்களைப் போல ஒரே டோஸ், ஒரே எலி வகை, நான்கு வாரக் கண்காணிப்பு என்ற அளவில் ஒரு கட்டுரைகூட இல்லையென்றால் அங்கே மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று யோசிக்காதீர்கள், அது நெறிமீறல்.

கேள்வி: "வெக்டரின் டைட்டர் (செறிவு) எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது தெளிவில்லை" என்று மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார். க்யூபிசிஆர் (டிஎன்ஏ பிரதிகளை அளவிடும் சோதனை) என்று குறிப்பிட்டிருந்தோமே! இன்னும் என்ன வேண்டும்?
– முதுமுனைவர் ஆய்வாளர், பெங்களூரு

பதில்: மரபணு சிகிச்சைக் கட்டுரைகள் அதிகம் அடி வாங்கும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மாத்திரை என்றால் மில்லிகிராம் என்று எழுதி முடித்துவிடலாம். ஏஏவியில் டோஸ் என்பது நீங்கள் எண்ணிச் சொல்லும் வெக்டர் ஜீனோம்களின் எண்ணிக்கை, அதாவது விஜி. எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஒரே குப்பியை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் விடை பல மடங்கு வேறுபடுவது சகஜம். எனவே "க்யூபிசிஆர் செய்தோம்" என்பது, "தராசில் நிறுத்தோம்" என்று சொல்லிவிட்டுப் படிக்கல் எது என்று சொல்லாமல் விடுவது போல.

எழுத வேண்டியவை இவை. முதலில், டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கும் நொதி) போட்டீர்களா? கேப்சிட்டுக்கு (வைரஸின் புரத ஓடு) வெளியே மிதக்கும் பிளாஸ்மிட் (தயாரிப்பில் பயன்பட்ட வட்ட டிஎன்ஏ) எச்சத்தை அது அழிக்காவிட்டால் அதையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள். அடுத்து, பிரைமர் (க்யூபிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) எங்கே அமர்கிறது? வெக்டர் ஜீனோமின் முனையான ஐடிஆரிலா, மரபணுவை இயக்கும் புரோமோட்டரிலா, மரபணுவின் முடிவில் வரும் பாலி-ஏ பகுதியிலா? பாதி ஜீனோம் மட்டும் அடைபட்ட கேப்சிட்டுகள் எல்லாத் தயாரிப்பிலும் இருக்கும். ஆகவே இடம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். பிரைமரின் எழுத்து வரிசையை முழுதாகக் கொடுங்கள்.

மூன்றாவது, ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டு அளக்க வைக்கும் அளவுகோல். பிளாஸ்மிட்டை வெட்டி நேராக்கிய பின் பயன்படுத்தினீர்களா, முறுக்கிய வடிவிலேயே விட்டீர்களா? முறுக்கிய பிளாஸ்மிட் பிசிஆரில் தாமதமாகப் பெருகும். அதை அளவுகோலாக வைத்தால் உங்கள் வெக்டர் உண்மையைவிட அதிகம் இருப்பதாகக் காட்டும். ஸ்டாண்டர்டின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 6,000 கார இணை நீளமுள்ள பிளாஸ்மிட்டில் 1 நானோகிராம் என்பது ஏறக்குறைய 1.5 × 10⁸ பிரதிகள். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிளாஸ்மிட் இரட்டை இழை, சாதாரண ஏஏவி ஜீனோம் ஒற்றை இழை. அதற்காக 2ஆல் பெருக்கும் ஆய்வகங்களும் உண்டு, பெருக்காதவையும் உண்டு. நீங்கள் எந்தக் கட்சி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது. டிடிபிசிஆரில் (மாதிரியைத் துளிகளாகப் பிரித்து எண்ணும் முறை) ஸ்டாண்டர்டு வளைகோடே தேவையில்லை என்பதால் பலரும் அதற்கு மாறிவிட்டார்கள். ஏஏவி2, ஏஏவி8 இரண்டுக்கும் தனித்தனியே குறிப்புப் பொருள் உண்டு. உங்கள் வெக்டருக்குரியதை உங்கள் மாதிரியோடு ஓட்டி, வந்த எண்ணை எழுதினால் மதிப்பாய்வாளருக்குக் கேட்க ஒன்றுமிருக்காது.

காலிக் கேப்சிட் எத்தனை சதவீதம் என்பது இன்னொரு கேள்வி. அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் பகுப்பாய்வோ, 260/280 ஒளி உறிஞ்சலோ, எலக்ட்ரான் நுண்ணோக்கியோ, எதில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டு வெக்டர்களை ஒப்பிடும் கட்டுரையில் ஒன்றில் காலி அதிகமாக இருந்தால், நீங்கள் பார்த்த வேறுபாடு மரபணுவால் வந்ததா, கூடுதலாகப் போன புரதச் சுமையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இப்போது ஒரு வாக்கியம். "எலிகளுக்கு வால் சிரை வழியே 1 × 10¹¹ ஏஏவி8 செலுத்தப்பட்டது" என்று எழுதியிருப்பீர்கள். 1 × 10¹¹ என்ன? விஜியா, கேப்சிட்டா, தொற்றும் துகளா? ஒரு எலிக்கா, ஒரு கிலோவுக்கா? 20 கிராம் எலிக்கு 1 × 10¹¹ விஜி என்றால் கிலோவுக்கு 5 × 10¹². 25 கிராம் எலிக்கு அதே ஊசி 4 × 10¹² ஆகிவிடுகிறது. எனவே எடை, டோஸ், கொடுத்த கன அளவு, கரைசல் எல்லாம் அந்த வரியிலேயே வர வேண்டும். கரைசலில் 0.001 சதவீதம் புளூரானிக் சேர்த்திருந்தால் அதையும் விடாதீர்கள். சேர்க்காவிட்டால் வெக்டரில் ஒரு பங்கு குழாயின் சுவரிலும் சிரிஞ்சிலும் ஒட்டிக்கொள்ளும்; எலிக்குப் போன டோஸ் நீங்கள் எழுதியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

லென்டிவைரஸ் (மரபணுவைச் சுமக்கும் இன்னொரு வைரஸ்) வேலையென்றால் பி24 எலைசாவை (வைரஸ் புரதத்தை அளக்கும் சோதனை) மட்டும் நம்பி எழுத வேண்டாம். செல்லுக்குள் நுழையாத துகளையும் தனியாக மிதக்கும் புரதத்தையும் அது சேர்த்தே எண்ணும். தொற்றும் திறன் அலகும், ஒரு செல்லுக்கு எத்தனை வெக்டர் பிரதி என்பதும் தேவை.

கேள்வி: கட்டுப்பாட்டுக் குழுவுக்கு உப்புக் கரைசல் மட்டும் கொடுத்தோம். போதுமா?
– ஆய்வாளர், ஹைதராபாத்

பதில்: போதாது. கேப்சிட்டும் தயாரிப்பில் தங்கும் அசுத்தமும்கூட உடலில் எதிர்வினையைக் கிளப்பும். அதே கேப்சிட், அதே தயாரிப்பு முறை, அதே டோஸ், ஆனால் வேலை செய்யாத மரபணு: இப்படி ஒரு குழு வேண்டும். உப்புக் கரைசல் குழு அதற்குத் துணையாக இருக்கலாம்.

கேள்வி: 5 எலி, எலிக்கு 3 திசுச் சீவல். என் எண்ணிக்கை 15 என்று எழுதலாம்தானே?
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

பதில்: 5தான். ஒரே எலியின் மூன்று சீவல்கள் அந்த எலியைப் பற்றித்தான் பேசும். புதிதாக இரண்டு எலிகள் முளைத்துவிடாது. மூன்றின் சராசரியை எடுத்து ஒரு எலிக்கு ஒரு புள்ளி வையுங்கள். பட்டை வரைபடத்தின் மேல் எல்லாப் புள்ளிகளும் தெரியட்டும். திசுவில் உள்ள வெக்டர் பிரதிகளை மடக்கை அளவில் வரைந்து சோதியுங்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று சிதறும் எண்களுக்குச் சாதாரண சராசரி பொருந்தாது.

விலங்காய்வில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் 2.0 பட்டியலை நிரப்பிச் சேர்க்கச் சொல்வார்கள். 'ஆம், ஆம்' என்று குறியிட்டு அனுப்பாமல் பக்க எண்ணைக் கொடுங்கள். எலிகளை எப்படிக் குலுக்கிப் பிரித்தீர்கள், அளந்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியுமா, எத்தனை எலிகள் விலக்கப்பட்டன, ஏன்: இந்த மூன்றையும்தான் பெரும்பாலோர் விழுங்கிவிடுகிறார்கள். ஆணா பெண்ணா என்பதும் இந்தத் துறையில் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏஏவி ஆண் எலியின் கல்லீரலில் பெண் எலியைவிட நன்றாகப் பதிகிறது. ஆண் ஹார்மோன் அதற்குக் காரணம். ஒரு குழுவில் ஆண் கூடி, இன்னொன்றில் பெண் கூடினால் முடிவே தலைகீழாகலாம்.

கேள்வி: படங்கள் தெளிவில்லை என்று தளமே நிராகரிக்கிறது. வெஸ்டர்ன் பிளாட்டை (புரதத்தைப் பட்டைகளாகக் காட்டும் படம்) எவ்வளவு வெட்டலாம்?
– ஆய்வக உதவியாளர், திருச்சி

பதில்: தெளிவின்மைக்குக் காரணம் பெரும்பாலும் பவர்பாய்ன்ட். ஒட்டிய படத்தைச் சேமிக்கும்போது அது தானே சுருக்கிவிடும். கருவி கொடுத்த டிஃப் கோப்பிலிருந்தே நேராகப் பலகத்தை அமையுங்கள். ஒரு பத்தி அகலம் சுமார் 8.5 செ.மீ.; 300 டிபிஐ வேண்டுமென்றால் குறுக்கே 1,000 பிக்சலாவது இருக்க வேண்டும். குறைந்த படத்தை நீட்டி எண்ணைக் கூட்டுவதால் பயனில்லை.

பிளாட்டை வெட்டலாம். ஆனால் பட்டையின் மேலும் கீழும் இடம் விட்டு, எடைக் குறியீடு தெரியும்படி வெட்டி, வெட்டாத முழுப் படத்தைத் துணைக் கோப்பில் கொடுங்கள். தள்ளி இருந்த இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் ஒட்டினால் நடுவே கோடு போடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் முழுப் படத்துக்கும் கூட்டுங்கள். ஒரு மூலைக்கு மட்டும் கூட்டுவதைக் கண்டுபிடிக்க இதழ்களிடம் மென்பொருள் இருக்கிறது.

கல்லீரலில் பச்சை ஒளிர்வு காட்டுகிறீர்கள் என்றால் ஊசி போடாத எலியின் கல்லீரலை அதே எக்ஸ்போஷரில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கல்லீரல் தானாகவே பச்சையாக மின்னும் உறுப்பு.

கேள்வி: மருத்துவமனையில் சிறிய அளவில் மனிதர்களுக்கான ஆய்வு நடக்கிறது. சோதனைப் பதிவைக் கட்டுரை எழுதும்போது செய்துகொள்ளலாமா?
– மருத்துவர், மதுரை

பதில்: முடியாது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதியிட்ட பதிவை ஏற்பதில்லை. பெரிய மருத்துவ இதழ்களும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. மரபணு சிகிச்சைக்கு 2019இல் வந்த தேசிய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நெறிமுறைக் குழு அனுமதி, நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எல்லாவற்றின் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

நோயாளிகள் சிலரே என்பது குறையல்ல. வேலூர் சிஎம்சியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள 5 பேருக்கு லென்டிவைரஸ் வழியே மரபணு மாற்றிய ரத்த மூல செல்களைக் கொடுத்த ஆய்வு, 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. மரபணு நுழைவைக் கூட்டும் பொருள் சேர்க்காமல் 2 பேர், சேர்த்து 3 பேர் என்று பிரித்திருந்தார்கள். இவ்வளவு சிறிய குழுவில் சராசரி எதையும் சொல்லாது. ஆள்வாரியாக எழுதுங்கள்: கிலோவுக்கு எத்தனை செல், செல்லுக்கு எத்தனை வெக்டர் பிரதி, ரத்தம் உறைய உதவும் காரணி எட்டின் அளவு எவ்வளவு. ஆனால் வயது, ஊர், அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். ஊரை எடுத்துவிடுங்கள்.

பொருளாதாரத் தொடர்பையும் மறைக்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவில் அடினோவைரஸ் வெக்டர் செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தபோது, ஆய்வாளரின் நிறுவனப் பங்குகளும் பெரிய கேள்வியாயின. அதற்குப் பின் இந்தத் துறை இதழ்கள் இதில் கறாராகிவிட்டன.

கேள்வி: பயோ-ஆர்கைவ் தளத்தில் முன்பதிப்பாக (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடுவது) போட்டுவிட்டு அனுப்பலாமா? காப்புரிமை எண்ணமும் இருக்கிறது.
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: துறையின் பெரும்பாலான இதழ்கள் முன்பதிப்பை ஏற்கின்றன. ஆனால் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்ட மறுநாள்தான் முன்பதிப்பு. முன்பதிப்பு முதலில் வந்தால் புதுமை போய்விட்டது என்று உங்கள் கட்டுரையையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். தற்காலிக விண்ணப்பத்துக்குப் பிறகு முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத்தைச் சீராக்க ஏஐ பயன்படுத்தினேன். அதை ஆசிரியர் பட்டியலில் சேர்க்கணுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சேர்க்கக் கூடாது, பொறுப்பேற்க முடியாததற்கு ஆசிரியர் தகுதி இல்லை. எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று இதழ் கேட்கும் இடத்தில் சொல்லுங்கள். அது தந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைகளைக் கூச்சமில்லாமல் தரும்.

கேள்வி: திருத்தம் கேட்டு வந்திருக்கிறது. கட்டுரையில் இருப்பது நான்கு வாரக் கண்காணிப்பு. இரண்டாம் மதிப்பாய்வாளர் ஆறு மாதக் கண்காணிப்பு வேண்டும் என்கிறார். தந்திருப்பதோ 60 நாள்!
– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: முதலில் இதழாசிரியருக்கு எழுதுங்கள்; கால நீட்டிப்பு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆறு மாதம் முடியாவிட்டால், உறைபெட்டியில் 12ஆவது வாரச் சீரம் இருந்தால் அதை அளந்து சேர்க்க முடியுமா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் 'நீடித்த' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தும் சுருக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டு, நான்கு வாரத்துக்கு மேல் தெரியாது என்று விவாதப் பகுதியில் ஒத்துக்கொள்ளுங்கள். சோதனையைச் செய்ய முடியாதபோது உரிமைகோரலைச் சுருக்குவது மரியாதையான வழி. பதில் கடிதத்தில் அவர் கேட்டதை அப்படியே ஒட்டி, கீழே உங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வரி, வரி எண். "திருத்திவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் அவர் தேடிக் களைத்து எரிச்சலாவார்.

ஏற்பு வந்த பிறகு அச்சுப்படி வரும், இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். பெயர், நிறுவனம் சரிபார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எண்களைப் பாருங்கள். மைக்ரோ குறி எழுத்துரு மாறி மில்லி ஆகியிருக்கும். 10¹¹இன் அடுக்கு கீழே இறங்கி, எலிக்கு 1011 விஜி கொடுத்ததாக அச்சாகியிருக்கும்.