ஒபி முன்னால் முடிந்திருந்தால் கணிகையா?

இல்லை. ஒபி, அதாவது இடுப்புக் கச்சை, முன்புறம் முடிந்திருப்பதை மட்டும் வைத்து ஜப்பானிய ஓவியர் உதமாரோவின் அச்சுப் படத்தில் உள்ள ஒரு பெண்ணைக் கணிகை என்று சொல்ல முடியாது. எடோ காலத்தில் (1603–1868) மணமான பெண்களும் அப்படிக் கட்டினார்கள். எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) கணிகையர் வட்டாரமான யோஷிவாராவின் கணிகையர் படங்களையே அதிகம் பார்ப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது.

அடையாளம் காண முதலில் புருவத்தைப் பாருங்கள். மழித்திருந்தால் பெரும்பாலும் பிள்ளை பெற்ற குடும்பப் பெண். மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கும் வழக்கம் இருந்தாலும் கறுத்த பல்லை நம்பாதீர்கள், அது யோஷிவாராவிலும் உண்டு. பிறகு கொண்டை: உயர்நிலைக் கணிகைக்கு ஊசிகள் விசிறிபோல் நீட்டிக்கொண்டிருக்கும், வீட்டுப் பெண்ணுக்குச் சீப்பும் ஓரிரு ஊசியும்தான்.

புருவம் இருந்தால் மட்டும் உடனே கணிகை என்று முடிவு கட்ட வேண்டாம், பிள்ளை பெறாத இளம் மனைவியாகவும் இருக்கலாம். படத்தில் பெண்ணின் பெயர் இல்லாததும் அவள் கணிகை என்பதற்குத் துப்பு ஆகாது. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் படங்களில் அச்சிட 1793இல் தடை வந்தது.