மறு: தின்னத் தின்ன அலகு பெருத்தது என்று எழுதினால் தப்பா?

வணக்கம் சகோதரி. "கடினமான விதையைத் தின்னத் தின்ன ஃபின்ச் குருவிக்கு அலகு பெருத்தது" என்று எழுதிய மகளுக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் திருத்தியது சரிதான். தின்பதால் எந்தக் குருவிக்கும் அலகு பெருக்காது. எது பிழைத்தது என்பதுதான் விஷயம்.

பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் இந்தக் குருவிகள் வாழும் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. 1977-இல் அங்கே மழை பொய்த்தது. சின்ன விதைகள் சீக்கிரம் தீர்ந்தன. மிஞ்சியதில் முக்கியமானது நெருஞ்சி இனத்துக் காய். கடலூரில் தரிசு நிலத்தில் செருப்பில் குத்துமே, அதன் உறவுதான். காய்ந்த நெருஞ்சிக்காய் ஒன்றை மகளிடம் கொடுத்து விரலால் உடைக்கச் சொல்லுங்கள். உடையாது, முள்தான் ஏறும். தடித்த அலகு இருந்த குருவிகள் அதை உடைத்துத் தின்றன. மெல்லிய அலகுள்ளவை பெரும்பாலும் பட்டினியில் செத்தன.

பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி அங்கே குருவிகளுக்கு வளையம் மாட்டி அலகை அளந்து வந்தார்கள். பிழைத்தவற்றின் அலகுத் தடிமன், வறட்சிக்கு முன் இருந்த குருவிகளைவிடச் சராசரியில் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். குஞ்சுகளுக்கும் அது வந்தது. அப்புறம் 1983-இல் பெருமழை. சின்ன விதைகள் பெருகி, சிறிய அலகுக்காரர்களின் கை ஓங்கியது. இந்தத் திருப்பத்தையும் மகள் எழுதட்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.