வாசகர் கேள்வி பதில்: மறதிக்கு எந்த ஸ்கேன், எப்போது?

முதுமை மறதி, அல்சைமர், மூளைப் படங்கள் குறித்து வந்த கடிதங்களிலிருந்து சில.

அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக மறதி. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், பாஸெகாஸ் கிரேடு 1’ என்று இருக்கிறது. அல்சைமர் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

அந்த வரியை வைத்து நிம்மதி அடையவும் முடியாது, பயப்படவும் வேண்டாம். அது அல்சைமரைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்லவில்லை. பாஸெகாஸ் என்பது மூளையின் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் பழுதாவதால் விழும் வெள்ளைத் திட்டுகளுக்கான மதிப்பெண். 0 முதல் 3 வரை போகும். 1 என்றால் அங்கங்கே புள்ளிகள். 70 தாண்டியவர்களிடம் சகஜம். பிரஷரையும் சர்க்கரையையும் கவனியுங்கள் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

அல்சைமர் சந்தேகம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ். பொட்டெலும்புக்கு உட்புறம், மூளையின் அடிப்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அது எவ்வளவு வற்றியிருக்கிறது, சுற்றியுள்ள நீர் இடைவெளி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். ஷெல்டென்ஸ் அளவுகோல் அல்லது எம்.டி.ஏ. ஸ்கோர் என்பது இதுதான். பொதுவாக 75 வயதுக்குக் கீழே 2-ம் அதற்கு மேலும் வந்தால் அசாதாரணம். 75 தாண்டியவர்களுக்கு 3 வந்தால்தான் கவலை.

இந்த மதிப்பெண் போட முகத்துக்கு இணையாக, முன்னிருந்து பின்னாகச் சீவிய படங்கள் தேவை. ‘பிரெய்ன் பிளெயின்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பல சென்டர்களில் 5 மில்லிமீட்டர் கனத்தில் கிடைமட்டத் துண்டுகள்தான் முக்கியமாக எடுக்கப்படும். விரல் அகலமே உள்ள உறுப்பு அதில் இரண்டு மூன்று துண்டுகளுக்குள் முடிந்துவிடும். எனவே சீட்டில் ‘மறதி’ என்ற காரணத்தை டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மூளையின் உருவத்தைத் தெளிவாகக் காட்டும் ‘டி1’ படம் 1 மில்லிமீட்டர் கனத்தில் முப்பரிமாணமாக, கூடவே வெள்ளைத் திட்டுகளைக் காட்டும் ஃபிளேர், ரத்தக் கசிவுப் புள்ளிகளைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. ஆகிய மூன்று வகைப் படங்களும் இருந்தால் போதும். முப்பரிமாணப் படம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் புது ஸ்கேன் வேண்டாம். அந்தப் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கொடுத்து எம்.டி.ஏ. ஸ்கோர் எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஸ்கோர் 0 வந்தாலும் அல்சைமர் இல்லை என்று முடிவாகிவிடாது. குறிப்பாக 65 வயதுக்கு முன்பே தொடங்கும் வகையில் ஹிப்போகாம்பஸ் தப்பித்து, மூளையின் பின்பகுதி முதலில் வற்றுவதுண்டு. இன்னொன்று: முதல் எம்.ஆர்.ஐ.யின் பெரிய பயன் வேறு நோய்களைப் பிடிப்பதுதான். எப்போதோ கீழே விழுந்ததில் மண்டையோட்டுக்குள் தேங்கிய ரத்தம், கட்டி, நடைத் தள்ளாட்டத்தோடு சிறுநீர் அடக்க முடியாமலும் போகும்படி மூளைக்குள் நீர் தேங்கும் நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் எந்தப் பெரிய ஸ்கேனுக்கும் பணம் கட்டாதீர்கள்.

அம்மாவுக்கு ஜனவரியில் ஒரு சென்டரிலும் ஆகஸ்டில் வேறு சென்டரிலும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஹிப்போகாம்பஸ் 6 சதவீதம் குறைந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் கணக்கு சொல்கிறது. நோய் வேகமாக முற்றுகிறதா?
– வாசகர், ஈரோடு

அந்த 6 சதவீதத்தை நம்பாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், நல்ல நினைவாற்றலுள்ள முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதமும், அல்சைமர் நோயாளிகளுக்குச் சுமார் 4.7 சதவீதமும் சுருங்குகிறது. ஏழே மாதத்தில் 6 என்றால் அது அல்சைமருக்கே அதிகம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவை.

ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 3 கன சென்டிமீட்டர். அதில் 6 சதவீதம் என்பது 0.2-க்கும் குறைவு. ஒன்று 1.5 டெஸ்லா மெஷின், மற்றது 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) என்றால் அந்த வித்தியாசம் தானாகவே வந்துவிடும். அம்மா இரண்டாவது முறை கொஞ்சம் தலையை அசைத்திருந்தால் சாம்பல் பகுதியின் எல்லை மங்கும். மென்பொருள் அதைச் சுருக்கம் என்றே எண்ணும். உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் மூளையின் கன அளவு சற்றுக் குறைந்து காட்டும்.

அமெரிக்காவில் மைக்கேல் வைனர் தலைமையில் 2004-ல் தொடங்கிய அல்சைமர் மூளைப்பட ஆய்வு (சுருக்கமாக ‘அட்னி’) பெரும் உழைப்பைச் செலவிட்டது இந்தச் சிக்கலில்தான். வெவ்வேறு கம்பெனி மெஷின்களுக்கு ஒத்துப்போகும்படி படமெடுக்கும் முறையை வகுத்தார்கள். அளவு முன்பே தெரிந்த உருண்டைகள் அடங்கிய ‘ஃபேன்டம்’ ஒன்றை ஸ்கேன் செய்து, மெஷின் படத்தை எங்கே இழுக்கிறது, எங்கே குறுக்குகிறது என்று சரிபார்த்தார்கள். உங்கள் ஊர் சென்டர்கள் இரண்டும் அப்படி ஒத்திசைக்கப்பட்டவை அல்ல.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதே மெஷின், அதே படமுறை, குறைந்தது ஒரு வருட இடைவெளி. பழைய படத்தையும் புதியதையும் ஒரே மென்பொருளில் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட வேண்டும்.

எனக்கு 62 வயது. அம்மாவுக்கு அல்சைமர் இருந்தது. எனக்கு மறதி எதுவும் இல்லை. அமிலாய்டு பெட் ஸ்கேன் எடுத்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அல்சைமரில் மூளையில் படியும் புரதம்தான் அமிலாய்டு. அது படிந்திருக்கிறதா என்பதை ஒரு காலத்தில் இறந்த பின் திசுவை வெட்டிப் பார்த்தே உறுதி செய்ய முடிந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க்கும் செஸ்டர் மேத்திஸும் அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று படமெடுப்பதுதான் அமிலாய்டு பெட் ஸ்கேன். 2002-ல் சுவீடனின் உப்சாலாவில் உயிரோடு இருக்கும் நோயாளிக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதிலிருந்த கதிரியக்கக் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி பக்கத்திலேயே இல்லாத இடத்தில் பயன்படாது. பிறகு வந்த ஃபுளோரின்-18 மருந்துகள் பாதியாக 110 நிமிடம் ஆவதால் வேனில் அனுப்ப முடிகிறது. அவற்றில் முதலாவதான ஃபுளோர்பெட்டாபிருக்கு 2012-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

மறதியே இல்லாதவர்களிலும் அமிலாய்டு இருக்கிறது. 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கு. உங்கள் படம் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், நோய் எப்போது வரும், வருமா என்பதையே அது சொல்லாது. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப், டோனானெமாப் மருந்துகளும் லேசான அறிகுறி தொடங்கியவர்களுக்குத்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. கையில் மிஞ்சுவது கவலையும் சுமார் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சும்தான். 2025-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனையும் அறிகுறி உள்ளவர்களுக்கானதே.

இந்த ஸ்கேன் உண்மையில் உதவுவது மறதி இருந்தும் காரணம் புலப்படாதவர்களுக்கு. அவர்களுக்கு ‘நெகட்டிவ்’ வந்தால் அல்சைமரை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு வேறு காரணம் தேடலாம். எங்கள் கணக்கில் பாசிட்டிவை விட நெகட்டிவுக்கே மதிப்பு அதிகம்.

அப்பாவுக்கு எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் உண்டு. என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

இந்த ஸ்கேன் மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டுவது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் ஊசியில் போகும் கதிரியக்கச் சர்க்கரையான எஃப்.டி.ஜி.க்கு இடம் கிடைக்காது. வம்பு என்னவென்றால், அப்போது மங்கித் தெரிவது அல்சைமரில் மங்கும் அதே பின்பக்கப் பகுதிகள்! இல்லாத நோய் படத்தில் வந்துவிடும்.

ஊசிக்கு முன் 4 மணி நேரமாவது வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சர்க்கரை 160-க்குள் இருப்பது நல்லது. 200 தாண்டினால் அவசரமாக இன்சுலின் போட்டு இறக்குவதை விட, சில நாள் கட்டுப்படுத்திவிட்டு வேறு தேதி வாங்குவதே மேல். இன்சுலின், மாத்திரை நேரத்தை டாக்டரிடம் முன்தினமே கேட்டு வையுங்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் மங்கலான அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். செல்போன் பார்த்தால் பார்வைப் பகுதி அதிகம் ஒளிரும். ‘பாவம், தனியாக இருக்கிறார்’ என்று உள்ளே போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அன்றைய சர்க்கரை அளவு ரிப்போர்ட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டியால் எம்.ஆர்.ஐ. மெஷினில் அசையாமல் படுக்க முடியவில்லை. மயக்க ஊசி போடலாமா?
– வாசகர், காரைக்குடி

அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மறதி உள்ள முதியவர்களுக்கு மயக்க மருந்து குழப்பத்தைக் கூட்டும். முப்பரிமாண டி1 படத்துக்கு ஐந்தாறு நிமிடமே ஆகும். அதை முதலில் எடுத்துவிடும்படி டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். பொறுமை தீர்ந்து அசைய ஆரம்பிப்பது பிற்பாடுதான். உள்ளே போகுமுன் சிறுநீர் கழிக்க வையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, காதுக்குப் பஞ்சு, தலைக்கு இருபக்கமும் ஸ்பாஞ்சு. சத்தம் பலமாக வரும் என்று முன்பே சொல்லி, காலைத் தொட்டபடி ஒருவர் அறைக்குள் நிற்க அனுமதி கேளுங்கள்.

அப்படி நிற்பவரும் பாட்டியும் உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்குதான் அடிக்கடி கண்ணுக்குத் தப்புவது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். மெட்டி, தாயத்து, கொண்டை ஊசி, காது மெஷின், கழற்றும் பல்செட் எல்லாம் வெளியே இருக்கட்டும். பேஸ்மேக்கரோ மூளை ரத்தக்குழாயில் கிளிப்போ வைத்திருந்தால், அதன் மாடல் எழுதிய அட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியோ இல்லாமல் அறை வாசலைத் தாண்டக் கூடாது.