மும்பை தாஜ் ஓட்டலில் பிரபலங்கள் தங்கியதைத் தவிர வேறு என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால், அங்கே தங்கியவர்களைவிட அங்கே பேண்டு வாசித்தவர்கள்தான் விசேஷம். வேலைக்காக மும்பைக்கு வந்தவன் நான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கொலாபாவுக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

முதலில் கட்டடம். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே கட்டிய ஓட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தாஜ்தான் மூத்தது. ஜாம்செட்ஜி டாடா அதைத் திறந்தது 1903 டிசம்பரில். கேட்வே திறக்கப்பட்டது 1924-இல். கடலிலிருந்து வந்த கப்பல்காரர்களுக்கு அதுவரை அந்தச் சிவப்புக் கும்மட்டம்தான் அடையாளம். "முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் உயிரை விட்டுவிட்டார்" என்று டாக்சிக்காரர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். வடிவமைத்த சீதாராம் கண்டேராவ் வைத்யா வேலை முடியும் முன்பே இறந்துபோனார். டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் மீதியை முடித்தார். பழைய வாசல் ஊர்ப் பக்கம் இருந்ததும் திட்டமிட்டதுதான், குதிரை வண்டிகள் வந்து நின்றது அங்கேதான். இப்போது அந்த இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது.

பிரபலங்கள் பட்டியல் நீளமானது. சரோஜினி நாயுடு அங்கே அறை வைத்திருந்தார். சுதந்திரப் போராட்டக்காரர்கள் வந்து போகும் இடமாக அது இருந்தது. ஜின்னாவைப் பிரிந்த பிறகு அவர் மனைவி ரத்தி தனியாக வந்து இருந்ததும் இங்கேதான். 1929 பிப்ரவரி 20, தன் 29-ஆவது பிறந்த நாளன்றே அவர் இறந்துபோனார். 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 'சாம் வெல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு தங்கி, ரவிசங்கரிடம் சிதார் கற்றார். விஷயம் வெளியே தெரிந்து கூட்டம் கூடிவிட, அங்கிருந்து காஷ்மீருக்குப் போக வேண்டியதாயிற்று.

சரி, பேண்டு வாசித்த நடன அரங்கான பால்ரூமுக்கு வருவோம். அதற்கான இரும்புத் தூண்களை ஜாம்செட்ஜி பாரிஸில் வாங்கினார். 1935-இல் லியான் அபி என்ற அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் தன் ஜாஸ் குழுவோடு வந்து தாஜில் வாசித்தார். பின்னாலேயே டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், சிகாகோவில் பேர் வாங்கிய பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு என்று பலர் வந்தார்கள். சொந்த நாட்டில், மேடையில் இவர்கள் வாசிப்பைக் கேட்டுக் கைதட்டிய ஓட்டல்கள் பலவும் அன்றைக்கு இவர்களுக்குத் தங்க அறை தராது. இங்கேயோ ராஜாக்களும் பார்சி சீமான்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் இவர்கள் வாசிப்புக்கு ஆடினார்கள்.

அந்த வாசிப்பைக் கூர்ந்து கேட்டவர்கள் கோவாக்காரர்கள். சர்ச் பள்ளிகளில் சின்ன வயதிலேயே வயலினும் நோட்ஸ் வாசிக்கவும் கற்றுக்கொண்டு, பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவர்கள். தோபி தலாவ் பக்கம் கோவாவின் ஒவ்வொரு ஊருக்கும், அந்த ஊர்க்காரர்கள் தங்க ஒரு மன்றம் இருந்தது. சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள், அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. அப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் மாலையில் கோட்டு சூட்டோடு பெரிய ஓட்டல்களின் மேடை ஏறினார்கள். மிக்கி கொரியாவின் பேண்டு 1939 தொடங்கி சுமார் 20 ஆண்டுகள் தாஜிலேயே வாசித்தது. சிக் சாக்லேட் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தோனியோ சேவியர் வாஸ், அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதையின் பெயரால் 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே அழைக்கப்பட்டவர். அவரும் அதே மேடையில் வாசித்தவர்தான்.

அப்புறம் சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர்கள் கிளம்பினார்கள். 1949-இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டமும் வந்து ஓட்டல் இரவுகள் களையிழந்தன. வாசித்தவர்களில் பலருக்குச் சோறு போட்டது சினிமாதான். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதை நோட்ஸாக எழுதி, எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க இவர்களால் முடிந்தது. சி. ராம்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' (1951) இந்திப் படப் பாடல்களுக்குப் பின்னால் சிக் சாக்லேட்டின் உழைப்பு இருக்கிறது. அவரும் அவர் குழுவும் திரையிலேயே வருவார்கள், கியூபா பாணியில் கைகளில் கொசுவம் வைத்த சட்டை போட்டுக்கொண்டு. யூடியூபில் தேடிப் பாருங்கள். நடிகர்களை விட்டுவிட்டு டிரம்பெட்டை மட்டும் கவனியுங்கள், தாஜ் பால்ரூம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். இத்தனைக்கும் இந்திப் படங்களின் டைட்டில் கார்டில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வந்ததே இல்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதல் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பின்வாசல் வழி தெரிந்த ஊழியர்கள் தப்பித்துப் போகாமல், விருந்தினர்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். அதில் சிலர் திரும்பவே இல்லை. எரிந்த பழைய கட்டடத்தைச் சீர்செய்து 2010 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். இறந்தவர்கள் பெயரைப் பொறித்த நினைவுச்சின்னம் உள்ளே இருக்கிறது. போனால் ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள்.

உள்ளே போக அறை எடுக்க வேண்டியதில்லை. வாசலில் பையைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். முதல் மாடியில் சீ லவுஞ்ச் இருக்கிறது, ஜன்னலோர மேசைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். சேவ் பூரி, பேல் பூரியெல்லாம் கிடைக்கும். தெருவில் சாப்பிடுவதைவிடப் பல மடங்கு விலைதான், ஆனால் அவசரப்படுத்த மாட்டார்கள். பார்சி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண் பார்க்க வருகிற இடம் அது. பக்கத்து மேசையில் இரண்டு குடும்பங்கள் விறைப்பாக உட்கார்ந்திருந்தால் உற்றுப் பார்க்காதீர்கள். நுழையும்போது லிஃப்டை விட்டுவிட்டு, கும்மட்டத்துக்கு நேர் கீழே இருக்கும் பழைய படிக்கட்டில் ஏறிப் போங்கள்.