ஒரே கதை, ஒவ்வோர் இரவும்

கேள்வி: மூன்று வயது நிறைந்த என் மகளுக்குத் தினமும் உறங்கும் முன் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு மாதங்களாக அவள் ஒரே புத்தகத்தைத்தான் எடுத்து வருகிறாள். வேறொன்றைத் திறந்தால் மூடிவிடுகிறாள். மேலும், புத்தகத்தில் உள்ள ‘சென்றது’, ‘கூறியது’ போன்ற சொற்கள் அவளுக்குப் புரியாது என்று எண்ணி, ‘போச்சு’, ‘சொல்லுச்சு’ என மாற்றியே வாசிக்கிறேன். இவை சரிதானா?

– வாசகி ஒருவர்

பதில்: ஒரே புத்தகத்தைக் கேட்பது குறித்துத் தாங்கள் கவலைகொள்ளத் தேவையில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிக்கா ஹார்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், மற்றொரு பிரிவினருக்கு வெவ்வேறு கதைகளையும் வாசித்துக் காட்டினார்கள். புதிய சொற்கள் இரு பிரிவினரின் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. ஆயினும் அவற்றை நன்கு நினைவில் கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்களே. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்த பிறகுதான் குழந்தையின் கவனம் சொற்களின் மீது இறங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

தங்களுடைய இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேச்சுத் தமிழை அவள் வீட்டில் நாள் முழுவதும் கேட்கிறாள். எழுத்துத் தமிழோ, யாரேனும் உரக்க வாசித்தாலன்றி அவள் காதில் விழுவது அரிது. ஒவ்வொரு வரியையும் தாங்கள் மாற்றிவிட்டால், பின்னாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது எழுத்தோடும் பழகாத நடையோடும் அவள் ஒருங்கே போராட வேண்டியிருக்கும். ‘சென்றது’ என்ற ஒலி முன்பே பழகியிருந்தால், பாதி எழுத்தைக் கூட்டும்போதே முழுச் சொல்லும் நாவுக்கு வந்துவிடும்.

எனவே, அச்சில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். அவள் புரியாமல் விழிக்கும் இடத்தில் மட்டும் பேச்சு வழக்கில் சொல்லுங்கள். “யானை ஆற்றைக் கடந்து சென்றது” என்று வாசித்துவிட்டு, “ஆத்தைத் தாண்டிப் போயிடுச்சு, பாத்தியா?” என்றால் போதும். அடுத்தடுத்த இரவுகளில் இந்த விளக்கத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வரிகள் மனத்தில் பதிந்த பின் “ஆற்றைக் கடந்து…” என்று நிறுத்திப் பாருங்கள். “சென்றது” என்று அவளே முடிக்கக்கூடும். தங்களுக்குச் சலிப்பூட்டும் அந்த ஒரே புத்தகம்தான் இதற்கு மிகவும் ஏற்றது. அவள் வரியை முடிக்காவிட்டால், தாங்களே சொல்லி நகர்ந்துவிடுங்கள்; உறங்கும் வேளையைத் தேர்வாக்கிவிட வேண்டாம். அவள் நடுவில் குறுக்கிட்டு எதையேனும் கேட்டால் கதையை நிறுத்திப் பேசுங்கள், அன்று கடைசிப் பக்கத்தை எட்டாவிட்டாலும் குறையில்லை.

புதிய புத்தகத்தை உறங்கும் நேரத்தில் திணிக்காமல், பகலில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, முதலில் படங்களை மட்டும் சேர்ந்து பாருங்கள். என்றேனும் ஓர் இரவு இரண்டையும் அவளே தூக்கி வருவாள். அப்போதும் பழையதையே முதலில் வாசியுங்கள்.