‘உங்கள் ஏரியாவுக்கு வசதி இல்லை’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மனைப்பிரிவில் வசிக்கிறோம். மொத்தம் 85 வீடுகள். மெயின் ரோடு வரை ஃபைபர் வந்துவிட்டது. மூன்று நிறுவனங்களைக் கேட்டாயிற்று, “உங்கள் ஏரியாவுக்கு வசதி இல்லை” என்றே பதில். பிள்ளைகள் படிப்பும் எங்கள் அலுவலக வேலையும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகின்றன. நலச்சங்கம் மூலம் ஏதாவது செய்ய முடியுமா? நாங்களே ஒரு பெரிய லைன் வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரித்துக்கொள்ள வேண்டாம். இணைய இணைப்பை வாங்கிப் பிறருக்குக் காசுக்குக் கொடுக்க இந்தியாவில் உரிமம் வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, 85 வீட்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பையன் செய்த வேலைக்கு, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் தட்டும். பிஎம்-வாணி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உரிமம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கும் முதலில் ஒரு நல்ல லைன் உங்கள் இடத்துக்கு வந்தாக வேண்டும்.

சரி, “வசதி இல்லை” என்றால் என்ன அர்த்தம்? கஸ்டமர் கேரில் இருப்பவருக்கு உங்கள் தெரு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் இணைப்புப் பெட்டி இருப்பதாகத் திரையில் வராவிட்டால் அவர் அந்த வரியைப் படித்துவிட்டு வைத்துவிடுவார். லைன் இழுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் ஆள். பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்கள் வீடு வரை கேபிள் இழுக்கும் வேலையை அந்தந்த ஊர் கேபிள்காரர்களிடமும் பார்ட்னர்களிடமும்தான் விட்டிருக்கின்றன. நீங்கள் பேச வேண்டியது அந்த உள்ளூர் ஆபரேட்டரிடம். உங்கள் பகுதியில் கேபிள் டிவி யார் நடத்துகிறார் என்று விசாரித்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறையில், அதாவது ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் முறையில் ஓடுகிறது. ஆபரேட்டர் வைத்திருக்கும் ஓஎல்டி என்ற தலைமைப் பெட்டியிலிருந்து ஒரு இழை கிளம்பி, ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகப் பொதுவாக 32 வீடுகளுக்குப் பிரியும். உங்கள் 85 வீட்டுக்கு மூன்று இழை போதும். விரல் தடிமன் கேபிளில் 12 இழை இருக்கும். 20 கிலோமீட்டர் வரை போகக்கூடிய முறைக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஆபரேட்டர் தயங்குவது காசுக்காக. கேபிள் விலை, கம்பம், அனுமதி, ஆள் கூலி எல்லாம் போட்டு இழுத்த பிறகு பத்து வீடுதான் சேர்ந்தால் அவருக்கு நஷ்டம். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் சங்கத்தின் வேலை.

அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். கையெழுத்து வேட்டை நடத்திப் புண்ணியமில்லை. எங்கள் தெருவில் நாங்கள் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும் கட்டைவிரல்கள் குவிந்தன, அறுபது பேருக்கு மேல். ஆபரேட்டரின் ஆள் விண்ணப்பத்தோடு வந்து நின்றபோது பாதிப் பேர் “வீட்டுக்காரரைக் கேட்கணும்”, “மாசம் எவ்வளவுன்னு சொல்லலையே” என்று நழுவினார்கள். அவரும் போனவர்தான், திரும்பி வரவே பல மாதம் ஆனது.

அதனால் வீடு வீடாகப் போங்கள். கதவு எண், சொந்த வீடா வாடகையா, எந்த மாடி, இப்போது டேட்டாவுக்கு மாதம் என்ன செலவு, எவ்வளவு வரை கட்டுவார்கள் என்று எழுதுங்கள். விலை சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தே சொல்லுங்கள். 499 என்று விளம்பரத்தில் இருப்பது பில்லில் 589 ஆகும். அங்கேதான் மனம் மாறுகிறார்கள். கூடவே ஒரு காகிதத்தில் வழியை வரையுங்கள்: மெயின் ரோட்டுப் பெட்டியிலிருந்து உங்கள் கடைசித் தெரு வரை எத்தனை கம்பம், எங்கே மரக்கிளை உரசும், வைக்கோல் லாரி போகும் இடம் எது.

அப்புறம் சாலை யாருடையது என்று பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருப்பார்கள். அனுமதி ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ வாங்க வேண்டும். ஒப்படைக்காத மனைப்பிரிவில் சாலை இன்னும் மனை விற்றவர் பெயரிலேயே இருக்கலாம், அவரையும் பார்க்க வேண்டும். விண்ணப்பிப்பது ஆபரேட்டரின் பொறுப்பு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வழியுரிமை (கேபிள் கொண்டுபோக இடம் பெறும் உரிமை) விதிகளும் அவரைக் கருதியே எழுதப்பட்டவை. ஆனால் சங்கத்தின் ஆதரவுக் கடிதம் ஒன்று கூட இருந்தால் அலுவலகத்தில் கோப்பு நகரும். மின்வாரியக் கம்பத்தில் கேட்காமல் கட்டிவிட்டு, பிறகு ஒருநாள் மொத்தமாக அறுத்துப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழிக்குத் தலையாட்டாதீர்கள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் ‘பிஃபோர்ஆர்என்’ என்ற அமைப்பை ஊர்க்காரர்களே தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியே கேபிள் போக இடம் விட்டார்கள், ஊர்க்காரர்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டாம். செலவில் பெரும்பங்கு கேபிள் போகும் வழியில்தான் இருக்கிறது என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். நலச்சங்கக் கட்டடத்திலோ மோட்டார் அறையிலோ இன்வெர்ட்டரோடு ஒரு மூலையைப் பெட்டி வைக்க ஆபரேட்டருக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

பட்டியலை ஒருவரிடம் மட்டும் காட்டாமல் இரண்டு, மூன்று பேரிடம் காட்டுங்கள். “வேறு யாரையும் உள்ளே விட மாட்டோம்” என்று எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்காகச் சங்கத்துக்கு நன்கொடை தருவதாகச் சொன்னாலும்தான். முன்பணம் என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். கேபிள் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார், கரண்ட் போனால் அவர் பக்கப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு இழையில் வரும் 2.5 கிகாபிட்டை 32 வீடு பகிர்ந்தாலும் வீட்டுக்கு எழுபது, எண்பது மெகாபிட் வேகம் கிடைக்கும். ஆனால் ஆபரேட்டர் மேலே இருக்கும் நிறுவனத்திடமிருந்து மொத்தமாக எவ்வளவு வேகம் வாங்கிவைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இரவு ஒன்பது மணி வேகம் இருக்கும். அவர் ஏற்கெனவே லைன் கொடுத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அந்த நேரத்தில் போய் நீங்களே ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு வரும் நாளில் டெக்னீஷியனிடம் சிக்னல் அளவு கேளுங்கள். டிபிஎம் என்ற கணக்கில் சொல்வார், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். மைனஸ் 20, 22 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் ஜாயிண்ட் சரியில்லை, முதல் மழையிலேயே படுத்துவிடும். அன்றைக்கே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஏர்ஃபைபர் எனப்படும் 5ஜி இணைப்பு எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். டவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று இப்போதே குழுவில் சொல்லிவையுங்கள். இருபது வீடு அப்படிக் கட்டிவிட்டால், ஃபைபர்காரர் வந்து நிற்கும் நாளில் உங்கள் பட்டியலில் இருபது பெயர் குறையும்.